வஞ்சிக்காட்டுச் சாலை: பெண்கள் பூஜ்யம்

கருணாம்பிகை பத்தொன்பது வருடம் தெருமுனைகளில் உட்கார்ந்து மனிதர்களை எண்ணியவள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், அழுத்தினால் எண் ஏறுகிற சின்னக் கருவி கைக்கு ஒன்று. இடது கை பெண்களுக்கு, வலது கை ஆண்களுக்கு. வெயிலில் எட்டு மணி நேரம் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு பிசையும்போதும் கட்டைவிரல் தானாக அசைந்துகொண்டிருக்கும்.

இப்போது கம்பங்கள் எண்ணுகின்றன. நகரத்தில் நாற்பது அடிக்கு ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால் கம்பம் நடையை மட்டும் பார்க்கிறது. தோள் எப்படி ஆடுகிறது, கால் எவ்வளவு அகலமாக விழுகிறது, கை எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஆண், பெண் என்று பிரிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை சரியாகச் சொல்கிறதாம். சந்தேகம் வந்தால் மட்டும் அந்த நாலு நொடிக் காட்சியை கருணாம்பிகையின் திரைக்கு அனுப்பும். திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் நடந்து போகும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு உருவங்கள். மதியத்துக்கு மேல் அவளுக்குத் தன் கண்ணுக்குள்ளேயே ஆட்கள் நடப்பதுபோல் இருக்கும்.

இந்த எண்களை வைத்துத்தான் நகரம் எல்லாவற்றையும் பங்கிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு நாள் கணக்கு. ஒரு சாலையில் நடப்பவர்களில் நூற்றுக்கு இருபது பேராவது பெண்கள் என்றால் விளக்குகள் முழுதாக எரியும், பெண்கள் பேருந்து நிற்கும், ரோந்து வண்டி சுற்றும். குறைந்தால் மின்சாரமும் வண்டியும் வேறு சாலைக்குப் போய்விடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

கார்த்திகை மாதத்து ஒரு நாள் அவள் திரைக்கு ஓர் உருவம் வந்தது. தலையில் தொப்பி, தொளதொளவென்று மேல்சட்டை, வீசி வீசி நடை. ஆணாக இருக்க அறுபத்தொரு சதவீதம் வாய்ப்பு என்று இயந்திரம் எழுதியிருந்தது. கருணாம்பிகையின் விரல் 'ஆண்' பொத்தான் மேல் போய்விட்டது. அப்போது அந்த உருவம் தோளில் தொங்கிய பையை இறக்கி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, அதன்மேல் வைத்தது. குழந்தையைத் தூக்கிப் பழகிய இடுப்பு. உடனே ஏதோ ஞாபகம் வந்ததுபோல் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தது.

அவள் 'பெண்' என்று அழுத்தினாள். பிறகு இடத்தைப் பார்த்தாள். வஞ்சிக்காட்டுச் சாலை, அதிகாலை ஐந்து இருபது. பழைய பதிவுகளைத் திறந்தாள். நாலு மாதமாக அந்தச் சாலையில் காலை ஐந்து முதல் ஆறு வரை, பெண்கள்: பூஜ்யம்.

அவளுடைய மேலதிகாரி திருமூர்த்தி, முப்பத்தைந்து வயது பொறியாளன், பக்கத்து அறையில் இருந்தான். கம்பங்களை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்துக்காரன் என்றாலும் நல்லவன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"சார், வஞ்சிக்காட்டுச் சாலையில காலைல பொம்பளைங்களே இல்லைன்னு காட்டுதுங்க" என்றாள்.

"இல்லைன்னா இல்லதானுங்க்கா."

"மூணு வருசத்துக்கு முந்தி அங்க நானே உக்காந்து எண்ணியிருக்கறனுங்க. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருநூத்திப் பன்னண்டு பொம்பளைங்க. அத்தன பேரும் மோட்டார் கம்பெனிக்கு ஆறு மணி சிப்டுக்குப் போறவங்க. கம்பெனி இன்னும் ஓடிட்டுத்தான இருக்குது?"

திருமூர்த்தி கணினியைத் தட்டிப் பார்த்தான். "ஆம்பளைங்க கணக்கு ஏறியிருக்குதுங்க. ஆளு மாத்திட்டாங்களோ என்னமோ."

"இப்ப ஒண்ணு வந்துச்சு. பொம்பளைதான். மெசினு ஆம்பளைன்னு நெனச்சுது."

"அதுக்கு சந்தேகம் வந்தாத்தான் உங்ககிட்ட அனுப்பும். மத்ததெல்லாம் தொண்ணூறுக்கு மேல உறுதி. உறுதியா இருக்கறத எதுக்குங்க அனுப்பும்?"

"உறுதியாத் தப்புப் பண்ணுச்சுன்னா?"

அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "அது நம்ம யாருக்குமே தெரியாதுங்க்கா" என்றான்.

மறுநாள் விடியுமுன் கருணாம்பிகை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வஞ்சிக்காட்டுச் சாலைக்குப் போனாள். கணவாய்ப் பக்கத்துக் காற்று காதைக் குத்தியது. சாலையில் மூன்று விளக்குக்கு ஒன்றுதான் எரிந்தது. ஒரு பக்கம் பாழடைந்த நூல் மில்லின் மதில், இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். தொழிலாளர் குடியிருப்பின் வாசலில் முப்பது நாற்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சுடிதாருக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டையைச் சுருட்டித் தொப்பிக்குள் செருகினார்கள். கொலுசைக் கழற்றிப் பைக்குள் போட்டார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பல் துலக்குவதுபோல் தினப்படி வேலையாக அதைச் செய்தார்கள்.

"யாருங்க நீங்க?" என்று ஒருத்தி அதட்டினாள். நாற்பது வயதிருக்கும். பெயர் பழனாத்தாள் என்று பிறகு தெரிந்தது. மோட்டார் கம்பெனியில் வைண்டிங் பிரிவில், செம்புக் கம்பி சுற்றும் வேலை, பதினாறு வருடமாக.

கருணாம்பிகை தான் யார் என்று சொன்னாள். எதற்கு இந்த வேஷம் என்று கேட்டாள்.

"வேசமுங்களா? உசுருங்க." பழனாத்தாள் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பேசினாள். "மின்ன எல்லாரும் கும்பலாத்தான் போவம். லைட்டும் இருந்துச்சு, பஸ்ஸும் இருந்துச்சு. போன வருசம் என்னமோ கணக்குன்னு சொல்லி லைட்டக் கொறச்சாங்க. ஆடி மாசத்துல ஒரு புள்ளைய மில்லுச் சந்துக்குள்ள இழுத்துப்போட்டாங்க. நாங்க கல்லெடுத்து எறிஞ்சதுல உட்டுட்டு ஓடுனானுங்க. அந்தப் புள்ள அதோட ஊருக்கே போயிருச்சு. அப்பறந்தான் இந்தத் தேன்மொழி சொல்லுச்சு, ஆம்பளையாட்டப் போலாம், ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான்னு."

தேன்மொழி என்பவள் இருபத்து மூன்று வயதுப் பெண். தொப்பியின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "தோள அசைக்கக் கூடாதுங்க்கா. கைய ஒடம்போட ஒட்டாம வீசணும். பைய இடுப்புல வெக்கவே கூடாது. இந்தப் பெரியக்காளுக்குத்தான் எத்தன தடவ சொன்னாலும் மறந்துபோகுது."

பழனாத்தாள் முறைத்தாள்.

"நீங்க எல்லாரும் கணக்குல ஆம்பளைங்களாத்தான் ஏறியிருக்கீங்க. மெசினுக்குத் துளி சந்தேகம் இல்ல" என்றாள் கருணாம்பிகை.

தேன்மொழி சிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மெசினே நம்பிப்போச்சுன்னா எவன் நம்பமாட்டான்!" என்றாள் தேன்மொழி. அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

கருணாம்பிகை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, பெண்கள் குறைவு என்று கணக்கு சொன்னதால்தான் பஸ் நின்றது, அடுத்த கணக்கில் பெண்களே இல்லை என்றால் மிச்சமிருக்கிற விளக்கும் போய்விடும் என்று விளக்கினாள். தை மாதம் ஆறு நாள் கணக்கு வருகிறது. அந்த ஆறு நாள் மட்டும் பெண்களாக நடந்தால் போதும்.

"நடக்கறது பெருசில்ல. எல்லாரும் ஒண்ணாச் சேந்து போயிரலாம்" என்றாள் பழனாத்தாள்.

"ஒண்ணாப் போகக் கூடாதுங்க." சொல்லும்போது கருணாம்பிகைக்கே வாய் கசந்தது. "கும்பலாப் போனா மெசினு அத ஒரே ஆளாத்தான் எடுத்துக்குது. மொதல்ல உங்க கணக்கு கொறஞ்சதே அதனாலதான். ஆளுக்கு ஆளு பதினஞ்சு அடியாவது எடவெளி வேணும்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இருட்டுல, தனித்தனியா, பொம்பளைன்னு தெரியற மாதிரி நடக்கோணும். அப்பத்தான் பொம்பளைக்கு லைட்டுப் போடுவாங்க. அப்படித்தானுங்களே?" என்று பழனாத்தாள் கேட்டாள்.

"அப்படித்தானுங்க."

"நல்லா இருக்குது உங்க கணக்கு."

"ஆறு நாளும் நானும் கூட நடக்கறனுங்க" என்றாள் கருணாம்பிகை. கணக்கை மாற்ற முயல்வது குற்றம், தெரிந்தால் வேலை போய்விடும் என்பதை அவள் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. நாலைந்து வாரம் பேசிப் பேசி, தயங்கி, கடைசியில் சம்மதித்தார்கள்.

தை மாதக் கணக்கின் முதல் மூன்று நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. சேலையும் சுடிதாருமாக, பூவும் கொலுசுமாக, நூற்றுத் தொண்ணூறு பெண்கள் இடைவெளி விட்டு ஒரு நீளமான கோடாக அந்தச் சாலையில் போனார்கள். கருணாம்பிகை நடுவில் நடந்தாள். பழைய பழக்கத்தில் இடது கட்டைவிரல் எண்ணிக்கொண்டே வந்தது. முன்னால் போனவளின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்காவிட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணியபோது, எண்ணப்படுகிறவர்களுக்கு இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

நாலாம் நாள் மில்லின் மதிலோரம் விளக்கணைத்த ஒரு பைக் நின்றது. இரண்டு பேர். கோடு முழுவதும் ஒரே நேரத்தில் விறைத்தது. ஆனால் யாரும் ஓடிப்போய் ஒன்றாகச் சேரவில்லை. சேரக் கூடாது என்று கருணாம்பிகை சொல்லியிருந்தாள். பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது. தேன்மொழியின் பக்கமாக வந்து, பின்னால் இருந்தவன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அவள் மூன்று நாலு அடி இழுபட்டு, கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் கருணாம்பிகைக்கே கேட்டது. துப்பட்டாவோடு பைக் போய்விட்டது.

அப்புறம்தான் எல்லோரும் ஓடிவந்து சூழ்ந்தார்கள்.

தேன்மொழியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு கருணாம்பிகை பத்து மணிக்கு வேலைக்குப் போனாள். திரையைத் திறந்தாள். பதினேழாவது காட்சியில் ஒரு சாம்பல் உருவம் நடந்து வந்தது. பிறகு பக்கவாட்டில் இழுபட்டது. விழுந்தது. கையைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டது. நடை பாதியில் நின்றுவிட்டதால் இயந்திரத்தால் முடிவு செய்ய முடியவில்லை. ஆணா, பெண்ணா என்று அது கேட்டது. வேறு எதையும் கேட்க அதற்குத் தெரியாது.

'பெண்' என்று அழுத்தினாள். அடுத்த உருவம் வந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பழனாத்தாளிடம், "போதுமுங்க, நிறுத்திக்கலாம்" என்றாள்.

"இன்னும் ரெண்டு நாளுதானுங்க. பாதியில நிறுத்துனா இந்தப் புள்ளைக்குக் கையொடிஞ்சதுதான் மிச்சம்." பழனாத்தாள் கட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. அது இருந்தால் தேவலை என்று கருணாம்பிகைக்குத் தோன்றியது. தேன்மொழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளும் வைண்டிங் பிரிவுதான். செம்புக் கம்பியை இழுத்துச் சுற்ற இரண்டு மணிக்கட்டும் வேண்டும்.

மிச்ச இரண்டு நாள் நூற்று நாற்பது பேர்தான் வந்தார்கள். ஆனாலும் நடந்தார்கள்.

கணக்கு முடிந்ததும் திருமூர்த்தி அவளைக் கூப்பிட்டான். "ஆறு மாசம் பூஜ்யம். திடீர்னு நூத்தித் தொண்ணூறு. மெசினு இத ஊர்த் திருவிழான்னு சந்தேகப்படுது. நான் கையெழுத்துப் போட்டா மொத்தமா நீக்கிரும். என்னக்கா நடந்துச்சு?"

அவள் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டை, தொப்பி, பைக், மணிக்கட்டு.

"இதுக்கு உங்கள வேலைய விட்டுத் தூக்கோணும். தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க சார்."

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றான் அவன். கணக்கை நீக்கவில்லை.

பங்குனியில் விளக்குகள் வந்தன. ஐந்து பத்துக்குப் பெண்கள் பேருந்தும் வந்தது. ஏறியவர்கள் போக, பேருந்தில் இடமில்லாதவர்கள் நடந்தார்கள். கருணாம்பிகை ஒரு நாள் பார்க்கப் போனாள். சாலை பகல்போல் இருந்தது. அந்த வெளிச்சத்தில் பழனாத்தாள் முழுக்கைச் சட்டையும் தொப்பியுமாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்களும் அப்படித்தான்.

"இன்னும் எதுக்குங்க இது? அதான் லைட்டு வந்துருச்சே?"

"லைட்டு போட்டதுல நாங்க இன்னும் நல்லாத் தெரியறமுங்களே" என்றாள் பழனாத்தாள். பிறகு, "தேன்மொழிக்குக் கை சரியாக் கூடல. இப்ப கேண்டீன்ல தட்டுக் கழுவுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு கருணாம்பிகை ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்தாள். தை மாதம் பெண்களாக எண்ணியவர்கள் மறுபடி ஆண்களாகத் தெரிந்ததால் இயந்திரம் இப்போது வஞ்சிக்காட்டுச் சாலையின் ஆண்களைச் சந்தேகப்பட்டு அவளிடம் அனுப்பியது. அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். விறைப்பாக வைத்திருக்கிற தோள். அளவுக்கு மேல் அகலமான காலடி. சாதாரணமாக நடக்கிற ஆண் நடையைப் பற்றி யோசிப்பதில்லை. இவர்கள் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தார்கள். பெண், பெண், பெண் என்று நாலு மாதம் அழுத்தினாள். அவள் அழுத்த அழுத்த இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டது.

ஆடிக் கணக்கு வந்தபோது திருமூர்த்தி ஒரு காகிதத்தோடு அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, மெசினு கெட்டுப்போச்சுங்க. ஊரு முழுக்க நாப்பத்திமூணு ரோட்டுல, இதுவரைக்கும் ஆம்பளைங்கன்னு எண்ணினதயெல்லாம் இப்ப பொம்பளைங்கன்னு சொல்லுது. நீங்க அந்த ஒரு ரோட்ட வெச்சுப் பழக்குனதுல வந்த வினை. உங்க நாலு மாச வேலைய அழிச்சுட்டுப் பழசுக்கே திரும்பச் சொல்லி மேல இருந்து உத்தரவு."

கருணாம்பிகை காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மில் சாலைகள், பூமார்க்கெட்டுக்குப் போகிற பாதை, ரயிலடிச் சந்து. கூடவே பெரிய வீடுகள் இருக்கிற அமைதியான தெருக்களும் இருந்தன.

"கெட்டுப்போச்சான்னு போய்ப் பாத்தீங்களா சார்?"

"நாப்பத்திமூணு ரோட்டுக்கும் எப்படிங்க போறது?"

"ஒண்ணுக்குப் போங்க. உங்களுக்குப் பக்கத்துல இருக்கறதுக்கு. காலைல அஞ்சு மணிக்குப் போயி நில்லுங்க. அப்பறம் அழிச்சுக்கங்க."

அவன் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனான்.

மறுநாள் திருமூர்த்தி பதினொரு மணிக்குத்தான் அலுவலகம் வந்தான். தன் அறைக்குப் போகாமல் நேராக வந்து, அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சவரம் செய்திருக்கவில்லை.

"போனீங்களா சார்?"

"போனனுங்க்கா. எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கற ரோடே லிஸ்ட்டுல இருந்துச்சு. ஒரு புங்கமரத்தடியில நின்னேன். அஞ்சே காலுக்கு ஒரு ஆளு வந்தான். தொப்பி, முழுக்கைச் சட்டை, வீசி நடை. சந்தேகமே இல்ல, ஆம்பளைதான்னு நெனச்சேன். கிட்ட வந்தப்பதான் சட்டையப் பாத்தேன். என் சட்டைங்க அது." அவன் நிறுத்தினான். "கலையரசிங்க்கா. என் சம்சாரம்."

கருணாம்பிகை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"காலைல அவ நடக்கப் போறது தெரியுமுங்க. என் பழைய சட்டையப் போட்டுட்டுப் போறதும் தெரியும். காத்தோட்டமா இருக்குதுன்னு சொன்னா. ரெண்டு வருசமா நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"அவங்க உங்களப் பாத்தாங்களா?"

"பாத்தா. மரத்தடி இருட்டுல ஒரு ஆம்பள நிக்கறான்னு பாத்தா. மொகம் தெரியல. அப்படியே ரோட்டத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிட்டா. தோளை இன்னும் விறைப்பா வெச்சுட்டு, எட்டி எட்டி நடந்தா. அப்படி அவ நடந்து நான் பாத்ததே இல்லீங்க."

"கூப்பிடலீங்களா?"

"கூப்பிட வாயத் தொறந்தேன். இருட்டுக்குள்ள இருந்து ஒரு ஆம்பளக் கொரல் கேட்டா அவளுக்கு எப்படி இருக்கும்னு தோணுச்சு. பேசாம நின்னுட்டேன். அவ தெருவு திரும்பற வரைக்கும் மூச்சக்கூடச் சத்தமா விடல."

அவன் காகிதத்தை அவள் மேசைமேல் விரித்தான். அடியில் ஏற்கெனவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். நாற்பத்து மூன்று சாலைகளின் கணக்கும் பிழையல்ல, நேரில் சரிபார்க்கப்பட்டது. அதில் நாற்பத்திரண்டுக்கு அவன் போகவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அதை மேலே அனுப்புவதற்காக அவள் வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுல சொன்னீங்களா சார்? அங்க நின்னது நீங்கதான்னு?"

திருமூர்த்தி தலையசைத்தான். இல்லை.

"பால் காய்ச்சிட்டு இருந்தா. இன்னைக்கு நடை எப்படின்னு கேட்டேன். நல்லா இருந்துச்சு, ரோட்டுல யாருமே இல்லைன்னு சொன்னாங்க்கா."